நெருப்புக்காரிக்கு ஒரு மொட்டை

தி. நகர் பட்டுக்கடையில், சம்பந்தியம்மா முகூர்த்தப் புடவையை எடுத்து என் பேத்தியின் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது நான், "அடிப்பாவி, கொன்னுட்டியேடி!" என்று கத்திவிட்டேன்.

கடையே திரும்பியது. புடவைகளை விரித்துக்கொண்டிருந்த விற்பனைக்காரர் கையில் ஒரு பச்சைப் புடவை பாதி மடிப்பில் அப்படியே நின்றது. பக்கத்தில் இன்னொரு கல்யாணக் கூட்டம் விலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா கையில் இருந்த அரக்கு நிறப் புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் புடவையைப் பார்த்தார்.

"என்ன ஆச்சி, கலர் பிடிக்கலியா?" என்றார்.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பாண்டி பஜாருக்குப் பின்னால் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். வயசான பொம்பளை யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஆச்சிதான். அவருடைய மகனுக்குத்தான் என் பேத்தியைக் கொடுக்கிறோம்.

"கலர் சோக்கா கீது சம்பந்தி. நான் வேற ஒரு பொண்ண சொன்னேன்."

"எந்தப் பொண்ணு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எனக்கு அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை. அதிர்ச்சியில் எனக்கு வாய் நிற்காது.

"எனக்கு ரொம்ப வேண்டிய பொண்ணு. நெருப்புல மாட்டிக்கினு சாவக் கெடந்தா. என் முடிய வடபழனி முருகனுக்கு வேண்டிக்கினு அவ உசுர காப்பாத்தினேன். இப்ப பாரு, தூக்கி வளத்த கெழவியவே நெருப்பு வெச்சிக் கொளுத்திட்டா."

சம்பந்தியம்மா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எப்போ?"

"இப்பதான். தோ, இந்த நிமிஷம்."

"ஏ முருகா! போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"போலீசா? அவதான் அங்க ராணி. போலீசே அவ கையில."

"ஆயா!" என்று பேத்தி பல்லைக் கடித்தாள். தோளில் போட்ட புடவையை எடுக்கவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் துணிக்கடை பொம்மை மாதிரி நின்றாள்.

என் மருமகள் குனிந்து, என் மடியிலிருந்து நழுவி நாற்காலிக்கடியில் விழுந்திருந்த தடிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "கதைங்க அண்ணி. கதைப் புத்தகம். இவங்க படிச்சிக்கினு இருந்தாங்க, வேற ஒண்ணும் இல்ல."

சம்பந்தியம்மா அட்டையைப் பார்த்தார். அதில் தலைமுடி தீயாகப் பறக்க ஒரு பெண் நின்றாள். அவருக்கு மூச்சு திரும்பியது. தண்ணீர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ அந்த முடி நேர்ச்சை? அதும் கதைதானா ஆச்சி?"

மருமகள் என்னைப் பார்த்தாள். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தேன்.

அது கதை இல்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. மருமகள் அடையாற்றில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள்; வருகிறவர்களை உட்காரவைத்து வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை. அந்தக் கட்டடத்திலேயே மாடிப்படிக்குக் கீழே வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற கடை ஒன்று இருந்தது. பல் வலியோடு உட்கார்ந்திருக்கிறவர்களையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வேறு உலகத்துக்கு ஓடத் தோன்றாது? அவள் அங்கிருந்து புத்தகம் கொண்டுவர ஆரம்பித்தாள்.

அதுவரைக்கும் எனக்கும் அவளுக்கும் பேச்சு என்றால் உப்பு போதுமா, தண்ணி வந்துதா, கேஸ் புக் பண்ணியாச்சா, அவ்வளவுதான். சண்டைகூடக் கிடையாது. சண்டை போடுவதற்காவது இரண்டு பேருக்கும் பொதுவாக ஏதாவது இருக்க வேண்டுமே. இருந்த ஒரே பொதுச்சொத்து என் மகன். அவனுக்காக யார் சண்டை போடுவது?

பேத்தி காலேஜ் சேர்ந்த வருஷம் அந்த முதல் புத்தகம் வீட்டுக்கு வந்தது. மருமகள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து படிப்பாள். பகலில் அது அலமாரி மேல் சும்மா கிடக்கும். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. டிவி இல்லை. எடுத்துப் புரட்டினேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அம்மாவின் இட்லிக்கடை அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள் வேறு எப்படிப் படிப்பாள்? வரியின் மேல் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு மெதுவாகப் போனேன். கரண்ட் வந்ததே தெரியவில்லை.

ஒரு கடலோர ராஜ்யம். அங்கே வருஷத்தில் பாதி இருட்டு. அரண்மனைச் சமையல்கட்டில் சாம்பல் அள்ளுகிற ஒரு அநாதைப் பெண். அவளிடம் நெருப்பு பேசும்; அதனால் எனக்கு அவள் நெருப்புக்காரி. விளக்குத் தீ வெட்கப்பட்டுக்கொண்டு பேசும், அடுப்புத் தீ பசிக்குது பசிக்குது என்று புலம்பும், சுடுகாட்டுத் தீ பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும். இதெல்லாம் நடக்குமா என்று படித்தவர்கள் கேட்கலாம். விடியற்காலையில் ஈர விறகோடு மல்லுக்கட்டினவளைக் கேளுங்கள். அடுப்பு பேசும். அதுவும் ரொம்பக் கெட்ட பேச்சு பேசும்.

அந்தப் பெண்ணை எடுத்து வளர்த்தது அரண்மனைச் சமையல்காரக் கிழவி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று ராஜா சொல்லி அனுப்பினால், "அழுதுக்கிட்டே சாப்பிடச் சொல்லு, சரியாப் போயிடும்" என்று பதில் அனுப்புவாள். எழுதினவர் எங்கள் தெருவில் ஒரு வாரம் குடியிருந்திருப்பார் என்றே நினைத்தேன்.

அப்புறம் என்ன, ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஆள். மருமகளின் இடத்தில் பஸ் டிக்கெட் இருக்கும், என் இடத்தில் கிழித்த காலண்டர் தாள் இருக்கும். அவள் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிற போதே கேட்பாள்:

"எங்க வரிக்கும் வந்தீங்க அத்த?"

"அந்த மந்திரி ராஜாவுக்குப் பால்ல எதையோ கலக்கறானே, அங்க."

"ஐயோ, அடுத்த பக்கம் படிங்க, மெர்சலாய்டுவீங்க."

"சொல்லாதடி! சொன்னா உன் டீயில நான் கலக்குவேன்."

என் மகன் ஒரு வாரம் பார்த்தான். ஒரு நாள் தட்டில் கை வைத்தவன் நிமிர்ந்து, "யாரும்மா அந்தப் பொண்ணு? பக்கத்து பிளாக்கா? அவ வூட்ல அவ்ளோ பிரச்சன கீதே, போய் ஒரு வார்த்த கேக்க வாணாமா?" என்றான். நானும் மருமகளும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தப் புத்தகத்தின் முடிவில், எதிரி ராஜா கோட்டைக்குத் தீ வைத்துவிடுகிறான். உள்ளே ஊர் ஜனம் மாட்டிக்கொள்கிறது. நெருப்புக்காரி தீயோடு பேசிப் பேசி வழி வாங்கி எல்லாரையும் வெளியே அனுப்புகிறாள். கடைசியில் அவள் மட்டும் உள்ளே. கோட்டைக் கதவு எரிந்து விழுகிறது. வெளியே கிழவி கரண்டியோடு நின்று கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், வெள்ளைத் தாள். அதற்கு அடுத்தது அட்டை. நான் அட்டையைக்கூட உற்றுப் பார்த்தேன், மீதி அதில் எழுதியிருக்குமோ என்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு சின்னப் பெண்ணை நெருப்பில் விட்டுவிட்டு ஒரு ஆள் பேனாவை மூடிவிட்டு எழுந்து போகலாமா? அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கக் கை வரவில்லை. ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்த வாரமே வடபழனியில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. சன்னதியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கண்ணை மூடினேன். என் மகனுக்காகக் கேட்கலாம் என்றுதான் மூடினேன். மூடினால் அந்தக் கதவு எரிந்து விழுகிறது. "முருகா, அந்தப் பொண்ண உசுரோட வெளிய கொண்டாந்துடு. என் முடிய உனக்குக் குடுத்துடறேன்" என்று வந்துவிட்டது வாயில்.

என் முடி என்றால் சாதாரண முடி இல்லை. இந்த வயசிலும் அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டும். மருமகளுக்கு இருப்பது எலிவால். அதை நான் சொல்லிக் காட்டாத வெள்ளிக்கிழமை கிடையாது. நகை எல்லாம் பிள்ளைகளுக்குப் போன பிறகு என்னிடம் பெருமைக்கு என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் கொடுத்துவிட்டேன், காகிதத்தில் இருக்கிற ஒருத்திக்கு. வெளியே வந்து செருப்பைப் போடும்போதே புத்தி வந்துவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த பாகம் வரும் வரும் என்று சொன்னார்களே தவிர வருஷக்கணக்காக வரவில்லை. எழுதினவர் நடுவில் வேறு ஏதேதோ சின்னச் சின்னப் புத்தகம் போட்டார். உலையை வைத்துவிட்டுத் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருக்கிற ஆள் போல. மருமகள் தை மாசம் தவறாமல் நந்தனத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவாள். பேத்தி காலேஜ் முடித்தாள், வேலைக்குப் போனாள், பாத்திரக்கடைப் பையனைப் பார்த்தாள், பிடித்திருக்கிறது என்றாள். நெருப்புக்காரி மட்டும் உள்ளேயே இருந்தாள்.

இந்த வருஷம் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வாடகைக்கு இல்லை, மருமகள் சொந்தமாகவே வாங்கிவந்தாள். தலையணை மாதிரி புத்தகம். முதல் பத்தியிலேயே எரிந்த கோட்டைச் சாம்பலைத் தள்ளிக்கொண்டு ஒரு கை வெளியே வருகிறது. நான் புத்தகத்தை மடியில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகன் என் முடிக்கு மயங்கிவிட்டார் என்று ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், அடடா, கொடுக்க வேண்டுமே என்று கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சரி, கல்யாணம் முடியட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று கம்மென்று இருந்தேன்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்த ஆள் எழுதத் தெரிந்த ஆள்தான். கடல் உள்வாங்கின இடத்தில் உப்பு மேட்டில் நடக்கிற சண்டையைப் படித்துவிட்டு எனக்கு நாக்கெல்லாம் கரித்தது. ஆனால் நடுவில் புதிது புதிதாக ஆட்கள். எல்லாருக்கும் வாயில் நுழையாத பெயர். கல்யாணப் பந்தியில் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு இளவரசன் வருகிறான். வருகிறவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பேசுகிறான். நாலு நாலு பக்கம் பேசுகிறான். நான் அவனைத் தாண்டித் தாண்டிப் போனேன். நெருப்புக்காரிக்குப் பட்டம் கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சு மாறியது. முன்பு நெருப்பைக் கேட்டுக்கொள்வாள், கெஞ்சுவாள். இப்போது ஏவுகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் சின்னப் பெண், கையில் அதிகாரம் வந்திருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுக்கொடுத்தே படித்தேன். மருமகளின் பஸ் டிக்கெட் என்னைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. "எங்க வரிக்கும் வந்தீங்க" என்று அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். கல்யாண வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிலைமையில்தான் பட்டுக்கடைக்குப் போனது. புடவை பார்க்க இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நான் ஒரு நாற்காலியைப் பிடித்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். கிழவி ராணியிடம் போகிறாள். "நீ எரிச்ச ஊர்ல எனக்கு அக்கா ஒருத்தி இருந்தா" என்கிறாள். ராணி பக்கத்தில் எரிந்த பந்தத்தைப் பார்க்கிறாள். மூன்று வரி. கிழவி இல்லை.

அதுதான் நான் கத்தின கத்தல்.

"அதும் கதைதானா ஆச்சி?" என்று சம்பந்தியம்மா மறுபடியும் கேட்டார். பொய் சொல்ல நான் அஞ்சுகிறவள் இல்லை. ஆனால் முருகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நடந்ததைச் சொன்னேன். விற்பனைக்காரர்கூடப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கதைக்கெல்லாம் யாராவது வேண்டிக்குவாங்களா?" என்று பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். மருமகள் வேறு பக்கம் பார்த்தாள்.

சம்பந்தியம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அவ பொழச்சிட்டாளா, இல்லியா?"

"பொழச்சிட்டா. பொழச்சி இன்னா புண்ணியம்? கெழவியவே..."

"அத விடுங்க. நீங்க சாமிகிட்ட என்ன கேட்டிய?"

"உசுரோட வெளிய கொண்டான்னு கேட்டேன்."

"நல்லவளா கொண்டாரச் சொல்லிக் கேட்டியளா?"

நான் யோசித்தேன். கேட்கவில்லை.

"அப்போ அவர் செய்ய வேண்டியத செஞ்சிட்டாருல்லா. பொறவு அவ என்ன செஞ்சா, யாரக் கொன்னா, அது அவர் கணக்கா?" என்றார் சம்பந்தியம்மா. "வீட்டுல கல்யாணம் வச்சிக்கிட்டு நேர்ச்சையப் பாக்கி வைக்கப்படாது ஆச்சி. பந்தக்கால் நடுததுக்கு முன்ன செஞ்சிருங்க. எங்க வீட்டுலயும் திருச்செந்தூருக்குப் போய் எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் பத்திரிகையே அடிச்சோம்."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். நல்ல காரியத்துக்கு முன்னால் வீட்டில் யார் யாருக்கு என்ன வேண்டுதல் பாக்கியோ அத்தனையும் தீர்த்துவிட வேண்டும். அதனால்தான் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது சம்பந்தி வாயிலிருந்தே வந்துவிட்டது. இனிமேல் கல்யாணத்தில் யாருக்காவது காலில் முள் குத்தினாலும் பழி என் கொண்டை மேல்தான்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஒரு மூச்சு அழுதாள். "ஆல்பத்துல எல்லா போட்டோலயும் ஆயா மொட்டையா நிப்பியா? மேக்கப்புக்கு வர்றவங்ககிட்ட உன் கொண்டைக்கும் சேத்து சொல்லி வெச்சிருக்கேன்."

"மொட்டைக்கும் கொஞ்சம் பவுடர் போடச் சொல்லு."

"வெளாடாத ஆயா!"

மகன்தான் குறுக்கு வழி கண்டுபிடித்தான். "பூ முடி குடுத்துடும்மா. பொம்பளைங்க நெறய பேரு அதான் குடுக்கறாங்கோ." பூ முடி என்றால் கத்தரிக்கோலால் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி உண்டியலில் போடுவது. தலை தலையாகவே இருக்கும். வேண்டுதலும் முடிந்த மாதிரி இருக்கும்.

எனக்கு அது சர்க்கரையாக இனித்தது. ஏனென்றால் எனக்கும் கொடுக்க மனசில்லை. பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதற்கு என் முடி? உப்பு மேட்டுச் சண்டையில் அவள் காயம்பட்டபோது பதறினவள் நான். அவள் திரும்பி என் கிழவியைக் கொளுத்தினால் நான் தலையை நீட்ட வேண்டுமா?

சாயங்காலம் மருமகளிடம் கொட்டித் தீர்த்தேன். "மொத புக்குல கெழவி ஒரு மீன் கொழம்பு வெக்கறத நாலு பக்கம் எழுதினான். அவ சாவுக்கு மூணு வரியா? எழுதறவனுக்கு ஆத்தா கெடையாதா?"

"நெருப்போட பேசறவ கடசீல நெருப்பாத்தான் அத்த ஆவா. கதைக்கு அதான் சரி" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிளியோட பேசறவ கிளியாய்டுவாளா? உன்னோட இத்தினி வருசமா பேசிக்கினு கீறேன், நான் உன்ன மாதிரி ஆயிட்டேனா?"

"ஆயிருந்தா வூடு உருப்பட்டிருக்கும்."

மிச்சப் புத்தகத்தைத் தொடவே கூடாது என்று இருந்தேன். இரண்டு நாள் தாங்கினேன். ஒருத்தியை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன்னால் அவள் பக்கத்தையும் கேட்டுவிட வேண்டும் இல்லையா? அப்படிச் சொல்லிக்கொண்டுதான் எடுத்தேன். உண்மையில் அடுத்து என்ன ஆனது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கிழவி போன பிறகு கதை என்னமோ ஓடியது. சண்டை ஜெயித்தார்கள். இளவரசன் பேசினான். கடைசி அத்தியாயத்தில் ராணி தனியாகச் சமையல்கட்டுக்கு வருகிறாள். கிழவியின் அடுப்பு சாம்பலாகக் கிடக்கிறது. கொஞ்சம் கஞ்சி வைக்கலாம் என்று உட்கார்கிறாள். எரி என்கிறாள். எரியவில்லை. ஊரையே கொளுத்தச் சொன்னால் கொளுத்துகிற நெருப்பு, கஞ்சிக்கு வர மாட்டேன் என்கிறது. பிறகு அவள் எங்களைப் போலக் குனிந்து ஊதுகிறாள். ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர். புகையா, அழுகையா என்று எழுதினவர் சொல்லவில்லை. அடுப்பு பற்றியதா என்றும் சொல்லவில்லை. புத்தகம் முடிந்துவிட்டது.

 அவளைத் திட்டவும் வரவில்லை, பாவம் என்று சொல்லவும் வரவில்லை. இப்படி நடுவில் மாட்டிவிட்டதற்காக எழுதினவரை மட்டும் ஒருமுறை நன்றாகத் திட்டினேன்.

பந்தக்காலுக்கு முந்தின வாரம் மருமகள் லீவு போட்டாள். இரண்டு பேரும் பஸ் பிடித்து வடபழனி போனோம். நான் பூ முடிதான் என்று முடிவு செய்திருந்தேன். பாதி நல்லவளுக்குப் பாதி மொட்டை போட முடியாது. இருக்கிற வழிகளில் இதுதான் நியாயம் என்று வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டேன். மருமகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

முடி எடுக்கிற இடத்தில் கூட்டம். குழந்தைகள் வீறிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் முறை வந்தது. மணையில் உட்கார்ந்தேன். முடி எடுக்கிறவர் என் கொண்டையை அவிழ்த்துவிட்டு, "இன்னாம்மா, இந்த வயசுல இம்மாம் முடி!" என்றார். பெருமையாக இருந்தது. "பூ முடியா, மொட்டையா?"

"பூ முடியே போதும்" என்றாள் மருமகள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

நான் திரும்பினேன். வீட்டில் இத்தனை நாள் இந்த விஷயத்தில் வாயைத் திறக்காதவள்.

"இன்னாடி, நீயும் உன் பொண்ணு மாதிரி ஆல்பத்துக்காகப் பேசறியா?"

"ஆல்பம் இல்ல. அவளுக்கு எதுக்கு முழுசா குடுக்கணும்? கெழவியக் கொன்னவளுக்கு ஒரு முடி குடுத்தாலே ஜாஸ்தி."

"நீதானடி கதைக்கு அதான் சரின்னு சொன்னே!"

"கதைக்குச் சரி. எனக்குச் சரியில்ல." அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். "நான் அந்தக் கெழவிக்கு வேண்டிக்கினேன் அத்த."

"இன்னாது?"

"நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடை மாலை. அடுத்த புக்குல கெழவிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு. மொத புக்கு முடிஞ்சப்பவே வேண்டிக்கினேன். சாமி கேக்கல."

பட்டுக்கடையில் எனக்கு வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவள், கேஸ் புக் பண்ணியாச்சா என்பவள், எனக்குத் தெரியாமல் நங்கநல்லூர் வரைக்கும் போய் நின்றிருக்கிறாள். 

"ஏண்டி, நெருப்புல மாட்டிக்கினது அந்தப் பொண்ணு. கெழவி வெளிய நல்லாத்தானே நின்னுக்கினு இருந்தா. அவளுக்கு எதுக்கு வேண்டுதல்?"

"வயசாச்சி இல்ல" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எப்பப் பாரு நக்கல் பண்ணிக்கினு, எல்லாரையும் வம்புக்கு இஸ்துக்கினு... அவ இல்லாத சமையக்கட்ட என்னால படிக்கவே முடியல. பத்து நாளு புக்கத் தொடல."

அவிழ்ந்து கிடந்த முடியை முன்னால் இழுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.  

"யம்மா, பின்னால ஜனம் நிக்குது" என்றார் முடி எடுக்கிறவர். "பூ முடியா, மொட்டையா?"

"மொட்டை" என்றேன்.

"அத்த!"

"கம்முனு இரு. அந்தக் கெழவி இங்க உக்காந்திருந்தா இன்னா சொல்லியிருப்பா? அவ கொளுத்தினாலும் அவ வளத்த பொண்ணுடி. கரண்டியோட நின்னு கூப்புட்டாளே, மறந்துட்டியா? முடி இன்னா, தலையையே குடுத்திருப்பா. இது நான் குடுக்கறது இல்ல. அவ குடுக்கறான்னு வெச்சிக்கோ."

 தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், சில்லென்று இருந்தது. கத்தி உச்சியில் பட்டது. முதல் கற்றை மடியில் விழுந்தபோது தூக்கிவாரிப் போட்டது. யாரோ தெரியாத ஒருத்தி என் மடியில் தலை வைத்துப் படுத்த மாதிரி கனமாக இருந்தது. மருமகள் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிகிற வரைக்கும் திரும்பவில்லை.

குளித்துவிட்டு வெளியே வந்தேன். காற்று நேராகத் தலையில் இறங்கியது. அத்தனை பக்கமிருந்தும் இறங்கியது. அங்கே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார்கள். மருமகளே எடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் தலையில் அவள் கை பட்டதில்லை. சூடான தோசைக்கல்லைத் தொடுகிறவள் மாதிரி முதலில் விரல் நுனியால் தொட்டாள். அப்புறம் முழுக் கையையும் வைத்தாள்.

"எப்டி கீது?" என்றேன்.

"தேங்கா மாதிரி கீது."

"ஒடச்சிடாத. கல்யாணம் முடியட்டும்."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எங்கேயோ போய்விட்டது. தடவின இடத்திலேயே மறுபடி தடவிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் கிண்ணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"போதும்டி, மத்தவங்களுக்கும் வுடு" என்றேன்.

கையை எடுக்கவில்லை. நானும் நகரவில்லை.